எமர்ஜென்சி மாத்திரை போட்டா கட்டி வருமா? முதல்ல "ஆமா"ன்னு சொன்னது நான்தான்

கேள்வி, பிப்ரவரி 26

எமர்ஜென்சி கருத்தடை மாத்திரை போட்டு ஒரு வாரத்துல ப்ளீடிங் ஆரம்பிச்சுது, விட்டு விட்டு வருது. இப்ப அடிவயித்துல ஒரு பக்கமா வலி. ஸ்கேன்ல சினைப்பையில கட்டின்னு போட்டிருக்காங்க. மாத்திரையாலதான் கட்டி வந்துச்சுன்னு என் அக்கா அடிச்சு சொல்றா. யாருக்காவது இப்படி ஆச்சா? ஆமா, இல்லன்னு ஒரே வார்த்தை சொன்னா போதும்.

பிப்ரவரி 26, இரவு 11.40

ஆமா.

ஒரே வார்த்தை போதும்னு கேட்டீங்க, ஆனா என்னால அதோட நிறுத்த முடியல. எனக்கும் அச்சு அசல் இதேதான். ஜனவரியில ஒரே ஒரு மாத்திரை, 12 மணி நேரத்துக்குள்ள போட்டுட்டேன், ஆறாவது நாள் ப்ளீடிங், பிப்ரவரி 9 காலையில வலது பக்கம் யாரோ உள்ள கைய விட்டு முறுக்கின மாதிரி வலி, எமர்ஜென்சில போய் படுத்தா 5.2 செ.மீ. கட்டி. 13ம் தேதி ஆரம்பிச்ச ரத்தப்போக்கு 23 வரைக்கும், மொத்தம் 11 நாள். இதுக்கு முன்னாடி எனக்கு கட்டியும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது. உங்க அக்கா சொல்றது சரி. அந்த அட்டைய இனி கண்ணால கூட பார்க்க மாட்டேன்.

பிப்ரவரி 27, காலை 6.15

ராத்திரி கோவத்துல எழுதினது அது. எழுந்ததும் காலண்டரை எடுத்துப் பார்த்தேன், ரெண்டு திருத்தம்.

12 மணி நேரம் இல்ல. காண்டம் கிழிஞ்சது ஜனவரி 15 ராத்திரி 11 மணிக்கு. மாத்திரை போட்டது 17 விடியக்காலை 5 மணிக்கு. 30 மணி நேரம். நடுவுல ஒரு முழு நாள் "ஒண்ணும் ஆகாது", "ஆயிட்டா?", "ஆகாது", "ஆயிட்டா?"ன்னு நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சொல்லிட்டு இருந்தோம், அந்த நாளை என் ஞாபகம் அப்படியே முழுங்கிடுச்சு.

இன்னொண்ணு, முன்னாடி கட்டி கிடையாதுன்னு எழுதினேன். முன்னாடி யாரும் உள்ள பார்த்தது கிடையாதுன்னு எழுதியிருக்கணும். ரெண்டும் ஒண்ணு இல்லையே.

பிப்ரவரி 27, மதியம்

அப்போ "ஆமா"வா இல்லையான்னு கேட்டிருக்கீங்க. கொஞ்சம் பொறுங்க, எனக்கே இப்பதான் பிடிபடுது.

நான் போட்டது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. ஒரே மாத்திரையா வரும், இல்லன்னா 0.75 ரெண்டா வரும். மாசாமாசம் சினைப்பையில ஒரு முட்டைப்பை 2 செ.மீ. வரைக்கும், சிலருக்கு அதுக்கு மேலயும் வளரும், அப்புறம் மூளையிலேருந்து எல்ஹெச்னு ஒரு ஹார்மோன் சர்ருனு ஏறும், அது ஏறினாதான் பை வெடிச்சு முட்டை வெளிய வரும். இந்த மாத்திரை அந்த ஏத்தத்தை தடுக்குது, இல்லன்னா தள்ளிப்போடுது. அதுக்குள்ள காத்திருக்கிற விந்தணுவோட ஆயுசு முடிஞ்சிடும். வேலை அவ்வளவுதான். முட்டை ஏற்கனவே வந்துட்டா மாத்திரையால ஒண்ணும் பண்ண முடியாது, கர்ப்பம் தங்கிட்டா அதையும் ஒண்ணும் பண்ணாது. இதைப் போய் கருக்கலைப்பு மாத்திரைன்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க, அது மிஃபெப்ரிஸ்டோன், வேற மருந்து, வேற வேலை.

இப்ப உங்க அக்கா பக்கம் வர்றேன். வெடிக்க வேண்டிய பை வெடிக்காம நின்னா என்ன ஆகும்? சில சமயம் இன்னும் கொஞ்சம் வளரும். 3 செ.மீ. தாண்டினா ஸ்கேன் ரிப்போர்ட்ல அதுக்கு "சிஸ்ட்"னு பேர் ஏறிடும். அதனால அவங்க சொல்றது வெறும் கட்டுக்கதை இல்ல. ஆனா மாத்திரைய கையால தொடாதவளுக்கும் ஏதாவது ஒரு மாசம் பை வெடிக்காம நிக்கும். பல பேருக்கு அது வந்ததும் தெரியாது போனதும் தெரியாது.

ஆக "ஆமா"வை வாபஸ் வாங்கிட்டேன். "இல்ல"ன்னும் சொல்லல.

பிப்ரவரி 28, இரவு

இதை எழுதவா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். என் முட்டாள்தனம்தான், ஆனா கேள்வி கேட்டவங்களும் "ஒரு வாரத்துல ப்ளீடிங் ஆரம்பிச்சுது"ன்னு எழுதினதால சொல்லிடறேன்.

எனக்கு முந்தின பீரியட்ஸ் ஜனவரி 4. சாதாரணமா 30 நாள் கணக்கு, அப்போ அடுத்தது பிப்ரவரி 3. மாத்திரை போட்ட ஆறாவது நாள், ஜனவரி 23, ரத்தம் தெரிஞ்சதும் எனக்கு வந்த நிம்மதி இருக்கே, பாத்ரூம்லயே உட்கார்ந்து அழுதேன். அவர்கிட்ட "வந்துடுச்சு"ன்னு சொன்னேன். காலண்டர்ல சிவப்பு பேனாவால வட்டம் போட்டேன். நாலு நாள் லேசா பட்டுக்கிட்டே இருந்தது, பழுப்பு நிறத்துல, நாலு நாளைக்கும் சேர்த்து ரெண்டு நாப்கின் கூட நனையல. அப்பவாவது யோசிச்சிருக்கலாம். யோசிக்கல. பீரியட்ஸ் வந்துடுச்சு, கணக்கு முடிஞ்சுது, அதனால 26ம் தேதி எந்த பாதுகாப்பும் இல்லாம இருந்தோம், பீரியட்ஸ் முடியிற நேரம்தானே ஒண்ணும் ஆகாதுன்னு.

பிப்ரவரி 9 எமர்ஜென்சில டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, கடைசி பீரியட்ஸ் எப்போ? ஜனவரி 23ன்னு சொன்னேன். எத்தனை நாள், எவ்வளவு பட்டுச்சுன்னு கேட்டாங்க. சொன்னேன். வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டியான்னு கேட்டாங்க, அதையும் சொன்னேன். பேனாவை கீழ வச்சாங்க. "அது பீரியட்ஸ் இல்லம்மா. மாத்திரையால வர்ற ஸ்பாட்டிங். உனக்கு ஆறு நாள் தள்ளிப்போயிருக்கு, அது உனக்கே தெரியல." உடனே யூரின் டெஸ்ட், அதோட ரத்தத்துல ஹெச்சிஜி, கர்ப்பத்தைக் காட்டுற ஹார்மோன்.

அந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் வலிய மறந்துட்டேன்னு சொன்னா நம்புவீங்களா.

ரெண்டும் நெகட்டிவ். ஆனா அன்னைக்கு எனக்கு உறைச்ச விஷயம், மாத்திரை போட்டதுக்கப்புறம் வர்ற ரத்தம் கர்ப்பம் இல்லைங்கிறதுக்கு அத்தாட்சி இல்ல. அடுத்த பீரியட்ஸ் எதிர்பார்த்த தேதிக்கு ஒரு வாரம் முன்னவோ பின்னவோ வரலாம், அது சாதாரணம். ஒரு வாரத்துக்கு மேல தள்ளிப்போனா, இல்ல வந்ததே வழக்கத்தை விட ரொம்ப லேசா இருந்தா டெஸ்ட் பண்ணணும். நாள் கணக்கே குழம்பிப்போச்சுன்னா, உறவு வச்ச தேதியிலேருந்து 3 வாரம் எண்ணி டெஸ்ட் பண்ணுங்க, அந்த தேதி மட்டும் யாருக்கும் மறக்காது.

நீங்க டெஸ்ட் பண்ணீங்களா? அதை எழுதவே இல்லையே நீங்க.

மார்ச் 1

பண்ணிட்டீங்க, நெகட்டிவ். நல்லது. இப்ப எனக்கும் தூக்கம் வரும்.

மார்ச் 2

வேற ரெண்டு பேர் கேட்டதுக்கு சுருக்கமா.

72 மணி நேரம்னு அட்டையில போட்டிருக்கேன்னு நிதானமா இருக்க வேணாம். 72 கடைசி எல்லை, ஒவ்வொரு மணி நேரமும் போகப் போக பலன் குறையும். யுலிப்ரிஸ்டல் 30 மி.கி.ன்னு இன்னொரு மாத்திரை இருக்கு, 120 மணி நேரம் வரைக்கும், எல்ஹெச் ஏற ஆரம்பிச்ச பிறகும் அதால ஓரளவு தடுக்க முடியும். எல்லாத்தையும் விட உறுதியானது காப்பர் டி, 5 நாளுக்குள்ள வச்சா ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு தப்பினாலே பெருசு. ஆனா ஏற்கனவே ப்ளீடிங் அதிகமா இருக்கிறவங்களுக்கு காப்பர் டி அதை இன்னும் கூட்டும், அதை யோசிச்சுக்கோங்க.

போட்டு 2, 3 மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா இன்னொரு டோஸ் போடணும். வலிப்புக்கு கார்பமசெபின், ஃபெனிடாயின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுறவங்களுக்கு லெவோநார்ஜெஸ்ட்ரலோட பலன் குறையும், மருந்து வாங்கும்போதே அதை சொல்லிடுங்க. உடம்பு எடை கூட இருந்தாலும் குறையும்னு சொல்றாங்க, 70 கிலோவுக்கு மேலன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடறது நல்லது.

வாழ்க்கையில ரெண்டு தடவைக்கு மேல போட்டா கர்ப்பப்பை போயிடும்ங்கிறது சும்மா பயமுறுத்தல். இத்தனை தடவைதான்னு எந்த கணக்கும் கிடையாது. அடிக்கடி போட்டா மாசக் கணக்கு தாறுமாறாகும், தினசரி மாத்திரை அளவுக்கு காப்பாத்தவும் காப்பாத்தாது, அதுக்காகத்தான் வேணாம்னு சொல்றது. பின்னாடி குழந்தை தங்காதுங்கிறதும் பொய்.

மார்ச் 2, கொஞ்ச நேரம் கழிச்சு

வாந்தின்னதும் ஞாபகம் வந்துச்சு. இந்த ஒத்தை மாத்திரை வர்றதுக்கு முன்னாடி சாதாரண கருத்தடை மாத்திரையவே மொத்தமா எண்ணி, 12 மணி நேரம் விட்டு ரெண்டு தடவை முழுங்கினாங்க. கனடாவுல ஆல்பர்ட் யுஸ்பேங்கிற டாக்டர் 1974ல எழுதின முறை, அவர் பேர்லயே யுஸ்பே முறைன்னு சொல்வாங்க. அதுல ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்திருந்ததால குமட்டலும் வாந்தியும் சாதாரணமாம். 1998ல உலக சுகாதார நிறுவனம் ரெண்டையும் வச்சு ஒப்பிட்டு பார்த்துது, லெவோநார்ஜெஸ்ட்ரல் மட்டும் போட்டவங்கள்ல 1.1 சதவீதம் பேருக்கு கர்ப்பம் தங்குச்சு, யுஸ்பே முறையில 3.2. வாந்தியும் கம்மி. எனக்கு குமட்டல் கூட வரல, தலைவலி மட்டும் ஒரு நாள். திட்டினது போதும், ஒரு நல்ல வார்த்தையும் சொல்லணும்ல.

மார்ச் 4

வலிய பத்தி.

அன்னைக்கு காலையில கட்டிலுக்கு அடியில இருந்த பெட்டிய இழுத்தேன், அவ்வளவுதான் செஞ்சது. சுருக்குன்னு ஒண்ணு, வலது பக்கம், இடுப்பு எலும்புக்கு கொஞ்சம் உள்ள. பீரியட்ஸ் வலி மாதிரி அலை அலையா வரல, ஒரே பிடியா பிடிச்சுக்கிச்சு. வியர்த்துக் கொட்டுச்சு. நான் முதல்ல குடல்வாலோன்னு நினைச்சேன், அவர் கேஸ்னு நினைச்சார். (ஆம்பளைங்களுக்கு எல்லா வயித்து வலியும் கேஸ்தான்.) ஒரு மணி நேரம் ஓமத்தண்ணி யோசனை, சுடுதண்ணி ஒத்தடம்னு வீணாக்கினோம்.

அங்க போனதும்தான் அந்த ஒரு மணி நேரத்தை ஏன் வீணாக்கியிருக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுது. டாக்டரம்மா மனசுல மூணு விஷயம் ஓடியிருக்கு. ஒண்ணு கர்ப்பம் குழாயில தங்கியிருக்கிறது, ஹெச்சிஜி நெகட்டிவ்னதும் அது போச்சு. அடுத்தது சினைப்பை முறுக்கிக்கிறது. கட்டியோட கனத்துல சினைப்பை தன் காம்புலயே சுத்திக்கும், ரத்த ஓட்டம் நின்னுடும், சில மணி நேரத்துல ஆபரேஷன் பண்ணலைன்னா அந்தப் பக்கத்தையே இழக்க வேண்டி வரலாம். 5 செ.மீ.க்கு மேல இருந்தா அந்த பயம் கூடுதல். வலியோட சேர்ந்து வாந்தி வருதான்னு திரும்பத் திரும்ப கேட்டாங்க, ஏன் கேட்டாங்கன்னு பிறகுதான் புரிஞ்சுது. மூணாவது, கட்டி வெடிச்சு ரத்தம் வயித்துக்குள்ள கசியிறது. தோள்பட்டை வலிக்குதான்னு கேட்டாங்க. அடிவயித்து வலிக்கு தோள்பட்டைய ஏன் கேக்கறாங்கன்னு முழிச்சேன். உள்ள ரத்தம் தேங்கினா அது மேல உதரவிதானத்தை உறுத்தும், அந்த வலி தோள்ல தெரியுமாம்.

எனக்கு இருந்தது மூணாவதுல லேசான வகை. 5.2 செ.மீ. கட்டி, உள்ள ரத்தம் கசிஞ்சு உறைஞ்சு வலை பின்னின மாதிரி ஸ்கேன்ல தெரிஞ்சுது, வெளிய கொஞ்சமா திரவம். ஆறு மணி நேரம் படுக்க வச்சு நாடி, பிபி, ஹீமோகுளோபின் பார்த்துட்டு அனுப்பிட்டாங்க. கத்தி படல. 6லிருந்து 8 வாரம் கழிச்சு திரும்ப ஸ்கேன்.

கேள்வி கேட்டவங்களுக்கு: உங்க ரிப்போர்ட்ல எத்தனை செ.மீ., உள்ள வெறும் தண்ணியா வேற ஏதாவதான்னு பாருங்க. வெறும் தண்ணி, 5க்கு கீழன்னா பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துல தானா கரைஞ்சிடும். திடீர் வலியோட வாந்தி, மயக்கம், தோள் வலி, காய்ச்சல், இல்ல ரெண்டு மணி நேரமா மணிக்கு ஒரு நாப்கின் முழுசா நனையுது, இதுல எது வந்தாலும் இங்க வந்து டைப் பண்ணிட்டு இருக்காதீங்க, கிளம்புங்க.

மார்ச் 5

"நீர்க்கட்டின்னா எனக்கும் இருக்கு, எடை குறைச்சா போயிடும்னாங்க"ன்னு ஒருத்தர். தோழி, அது வேற, இது வேற. நம்ம பாஷையில இந்த ஒரு வார்த்தை பண்ற குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்ல. பிசிஓஎஸ்ஸும் நீர்க்கட்டி, என்னோட 5 செ.மீ.யும் நீர்க்கட்டி, எல்லாத்துக்கும் ஒரே பேர். பிசிஓஎஸ்ல ஸ்கேன்ல தெரியிறது கட்டியே இல்ல, ஒவ்வொண்ணும் 2லேருந்து 9 மில்லிமீட்டர், வளர ஆரம்பிச்சு பாதியில நின்ன முட்டைப்பைங்க, மாலை கோத்த மாதிரி நிறைய. அது வலிக்காது, வெடிக்காது, முறுக்காது. அங்க பிரச்சினை ஹார்மோன்ல. இங்க ஒத்தை பை, பெருசு, வலிக்கும், ஆனா பெரும்பாலும் தானா போயிடும். இது போதாதுன்னு "கட்டி"ன்னதும் புத்துநோய் ஞாபகம் வேற. எங்க அத்தை ஃபோன்லயே அழுதுட்டாங்க.

நானே மார்ச் மாசம் வரைக்கும் ரெண்டும் ஒண்ணுன்னுதான் நினைச்சேன், அதையும் சொல்லிடறேன்.

மார்ச் 9

இன்னைக்கு ஞாயிறு, காலண்டர், பென்சில், நான். இதைக் கேளுங்க.

உண்மையான பீரியட்ஸ் வந்தது பிப்ரவரி 13. முட்டை வெளிய வந்ததிலேருந்து பீரியட்ஸ் வரைக்கும் ஏறக்குறைய 14 நாள், அது ரொம்ப மாறாது, மாறுறதெல்லாம் முன்பாதிதான். 13லேருந்து 14 நாள் பின்னாடி எண்ணினா ஜனவரி 30. என் வழக்கமான கணக்குப்படி முட்டை வந்திருக்க வேண்டியது 19, 20 வாக்குல. அப்போ 17ம் தேதி போட்ட மாத்திரை அதை பத்து நாள் தள்ளி வச்சிருக்கு. அதாவது, நான் இத்தனை நாளா திட்டிட்டு இருந்த மாத்திரை சொன்ன வேலைய சொன்னபடி செஞ்சிருக்கு.

இப்ப அடுத்தது. 26ம் தேதி பாதுகாப்பு இல்லாம இருந்தோம்னு எழுதினேன்ல. விந்தணு உள்ள 5 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். 26க்கும் 30க்கும் நடுவுல நாலே நாள். மாத்திரை போட்டதுக்கு அப்புறம் வச்ச உறவுக்கு அந்த மாத்திரை காவல் இல்ல, தள்ளிப்போன முட்டை பின்னாடி வரும், அதனால அந்த சுற்று முடியிற வரைக்கும் காண்டம் கண்டிப்பா வேணும். அட்டைக்குள்ள இருந்த தாள்ல பொடி எழுத்துல இது இருந்திருக்கு. நான் தாளை கசக்கி எறிஞ்சிருந்தேன், யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு.

பென்சிலை கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கட்டியும் இந்தக் கணக்குல சரியா பொருந்துது. முட்டை வெளிய வந்த பை சுருங்கி மஞ்சளா ஒரு சுரப்பியா மாறும், அதுல ரத்தக்குழாய் அதிகம், சில சமயம் உள்ள கசிஞ்சு ஊதிடும். பிப்ரவரி 9ங்கிறது ஜனவரி 30க்கு பத்தாவது நாள், அப்படி கசியிற காலம்தான். மாத்திரையே போடாத மாசத்துலயும் எவளுக்கும் இது நடக்கலாம். ஆக 27ம் தேதி நான் எழுதின "வெடிக்காம நின்ன பை" கதை என் விஷயத்துல தப்பு. என் பை வெடிச்சுது, லேட்டா.

மார்ச் 10

அவர் இதைப் படிச்சுட்டு "நீ அக்கவுண்ட்ஸ்க்கு போயிருக்கணும்"னார். பதினொரு நாள் ப்ளீடிங் நின்னதுக்கு காரணம் ரத்தப்போக்கை குறைக்கிற அந்த ட்ரானெக்ஸாமிக் மாத்திரையா, இல்ல தானா நின்னுதான்னு கேக்கறார். ஆறாம் நாள்தான் போட ஆரம்பிச்சேன், போட்டதும் பாதியா குறைஞ்சுது, முழுசா நிக்க இன்னும் அஞ்சு நாள் எடுத்துது. ஹீமோகுளோபின் 9.4. இரும்புச்சத்து மாத்திரை ஓடிட்டு இருக்கு, மாடிப்படி ஏறினா இன்னும் மூச்சு வாங்குது.

மார்ச் 17

நேத்து பீரியட்ஸ். பிப்ரவரி 13லேருந்து 31 நாள். ப்ளீடிங் சாதாரணம். வலி, அது எப்பவும் போல.

மார்ச் 18

"எப்பவும் போலன்னா என்ன"ன்னு கேட்டிருக்கீங்க. முதல் ரெண்டு நாள் வலி மாத்திரை இல்லாம எழுந்திருக்க முடியாது. மலம் கழிக்கும்போது உள்ள கீறின மாதிரி இருக்கும், அந்த நாட்கள்ல மட்டும். 19 வயசுலேருந்து இப்படித்தான், இப்ப 31. எங்க அம்மாவுக்கும் அப்படித்தான், அதனால அதை நான் வலி கணக்குலயே சேர்க்கல. உறவின்போதும் ஆழத்துல வலிக்கும், சில நாள்.

எழுதி முடிச்சதும் திரும்ப படிச்சேன். இதை நான் இதுவரைக்கும் எந்த டாக்டர்கிட்டயும் சொன்னதே இல்ல. எமர்ஜென்சில கூட மாத்திரைய பத்தி மட்டும்தான் பேசினேன்.

ஏப்ரல் 8, மாலை

ஸ்கேன் முடிஞ்சுது. ஒரு லிட்டர் தண்ணி குடிச்சு அடக்கிட்டு உட்கார்ந்ததுக்கு, கடைசியில "மேடம், போய்ட்டு வந்துடுங்க, உள்ள வச்சு பார்க்கிற ஸ்கேன்தான் எடுக்கணும்"னு சொன்னா என்ன சொல்றது.

வலது பக்கம் சுத்தம். 5.2 செ.மீ. இருந்த இடம் தெரியல.

இடது பக்கம் 3.4 செ.மீ. உள்ள மங்கலா, தேய்ச்ச கண்ணாடி மாதிரி ஒரே சீரா. சாக்லேட் சிஸ்ட். எண்டோமெட்ரியோசிஸ்.

பிப்ரவரி ரிப்போர்ட்லயே கடைசி வரியில இடது பக்கம் 3.2 செ.மீ., மறுபடி பார்க்கவும்னு இருந்திருக்கு. வலது பக்கம்தானே வலிச்சுது, நான் அந்த வரியை படிக்கவே இல்ல.

ஏப்ரல் 9

பிப்ரவரி 27 காலையில எழுதினதுக்கு இன்னொரு திருத்தம். "முன்னாடி யாரும் உள்ள பார்த்தது கிடையாது"ன்னு எழுதியிருந்தேன். அதுவும் தப்பு. ராத்திரி ஃபைலை கிளறினேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சிறுநீரகக் கல்லோன்னு சந்தேகப்பட்டு வயித்து ஸ்கேன் எடுத்திருக்கேன், கல் இல்லன்னதும் சந்தோஷமா மடிச்சு வச்ச ரிப்போர்ட். அதுலயே இருக்கு, இடது சினைப்பை 2.1 செ.மீ. சிஸ்ட்.

மாத்திரை போடறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி.

கர்ப்பப்பை உள்சுவர்ல இருக்கிற மாதிரியான திசு வெளிய சினைப்பையில ஒட்டிக்கிட்டு, மாசாமாசம் அதுவும் கசியும், போக வழியில்லாம தேங்கி பழசாகி கெட்டியாகும், அந்த நிறத்துக்குத்தான் சாக்லேட்னு பேர் வச்சிருக்காங்க. பேர் வச்சவனுக்கு பசி போல. இது மத்தது மாதிரி ரெண்டு மாசத்துல கரையாது. புத்துநோய் சந்தேகத்துக்கு பார்க்கிற சிஏ 125னு ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கவான்னு கேட்டேன், இந்த நிலைமையில அது எப்படியும் கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துட்டு நீ ராத்திரி எல்லாம் தூங்க மாட்ட, வேணாம்னுட்டாங்க டாக்டரம்மா. ஆபரேஷனும் உடனே இல்ல. கட்டிய உரிச்சு எடுக்கும்போது கூடவே நல்ல முட்டைகளும் போகும், குழந்தை பெத்துக்கிற யோசனை இருந்தா அவசரப்படக் கூடாதாம்.

ஏப்ரல் 12

மருந்து டையனோஜெஸ்ட், தினம் 2 மி.கி. என்ன வகைன்னு கேட்டேன். ப்ரோஜெஸ்டின், அதாவது ப்ரோஜெஸ்டிரான் ஹார்மோன் மாதிரி வேலை செய்யிற மருந்து. நான் போட்ட எமர்ஜென்சி மாத்திரையோட குடும்பம். பிப்ரவரி 26 ராத்திரி "கண்ணால கூட பார்க்க மாட்டேன்"னு எழுதினவ இனி தினமும் அலாரம் வச்சு அதோட சொந்தக்காரன முழுங்கணும். சிரிங்க, நான் சிரிச்சாச்சு.

முதல் சில மாசம் கணக்கு வழக்கில்லாம ஸ்பாட்டிங் வரும்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. இந்த மாத்திரை கருத்தடைக்குன்னு கொடுக்கிறது இல்ல, காண்டம் தொடரணும்னும் சொன்னாங்க, நான் கேக்காமலே. என் ஃபைலை படிச்சிருப்பாங்க.

ஏப்ரல் 13

உங்க இரண்டாவது ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு பார்த்தேன். அக்காகிட்ட என்ன சொன்னீங்க? என்கிட்ட கேட்டா, மாத்திரை உங்க மாசத்தை குலைச்சுது, அது நிஜம். கட்டிய அது கொண்டுவந்திருக்கலாம், இல்ல அதுபாட்டுக்கு வந்திருக்கலாம், ஒரு ஸ்கேன வச்சு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது. எது எப்படியோ கரைஞ்சுடுச்சு. என் இடது பக்கத்துக்கும் மாத்திரைக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. சொல்லப்போனா அந்த காண்டம் கிழியலைன்னா நான் இன்னும் ரெண்டு வருஷம் வலி மாத்திரையோட ஓட்டியிருப்பேன்.

இல்ல, காண்டம் கிழிஞ்சதுக்கு நன்றின்னு சொல்லல. அவர் அப்படித்தான் சொல்லிட்டு திரியறார்.

மே 3

ஏப்ரல் 15 பீரியட்ஸ் வந்த அன்னைக்கு டையனோஜெஸ்ட் ஆரம்பிச்சேன். இன்னைக்கு 19வது நாள், காலையில பழுப்பா பட்டுது. கை பழக்கத்துல சிவப்பு பேனாவை எடுத்துட்டேன். வச்சுட்டு, பென்சில்ல ஒரு சின்ன புள்ளி.